மதுரையிலிருந்து மேட்டுப்பாளையம் நீர்ப்பூங்காவுக்கு: சொந்தக் கார், வாடகை வண்டி, ரயில் – எது கட்டுப்படியாகும்?

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் புத்தகப் பையை மூலையில் போட்ட மறுநாளே எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் ஒரே பேச்சு தொடங்கிவிட்டது. நீலகிரி அடிவாரத்தில், ஊட்டி சாலையில் இருக்கும் பிளாக் தண்டர் பூங்காவுக்கு ஒருமுறை போய் வர வேண்டும்; அதற்கு எந்த வழியில் போனால் செலவு கைக்குள் அடங்கும் என்பதுதான் அது. ஒரு வீட்டில் ஏழு இருக்கைக் கார் நிற்கிறது. இன்னொரு வீட்டில் வண்டி வாடகைக்குப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் ரயிலைவிட மலிவானது உலகில் இல்லை என்ற உறுதியோடு இருக்கிறார். வீட்டுக் கணக்கை நோட்டில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு என்பதால் மூவருமே என்னிடம் கேட்டார்கள். உட்கார்ந்து போட்டுப் பார்த்தபோது, மூவர் நினைத்ததும் பாதிதான் சரியாக இருந்தது.

எதை வைத்து எடை போடுவது

பெரும்பாலானவர்கள் பெட்ரோல் விலையையும் டிக்கெட் விலையையும் மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்கிறார்கள். ஆனால் இந்தப் பயணத்தின் செலவைத் தீர்மானிப்பது அவையல்ல; இரவு தங்க வேண்டியிருக்கிறதா இல்லையா என்பதே. மதுரையிலிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம், அவினாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 240 கிலோமீட்டர். கோவை நகருக்குள் நுழையாமல் போகலாம் என்பதால் இந்த வழியையே கணக்குக்கு எடுத்துக்கொண்டேன். நிறுத்தங்களையும் சேர்த்து ஐந்தரை மணி நேரமாகும். இந்தத் தூரம் ஒரு சங்கடமான தூரம்: ஒரே நாளில் போய்த் திரும்புவது முடியாததும் அல்ல, எளிதும் அல்ல. ஆகவே அன்றே திரும்ப முடியுமா என்பது முதல் அளவுகோல்.

இரண்டாவது, திரும்பும்போது வண்டியை ஓட்டப்போகிறவர் அன்று பகலில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது. மூன்றாவது, ஆட்களின் எண்ணிக்கை. நான்கு பேருக்கு மலிவாக இருப்பது ஆறு பேருக்கு மலிவாக இருக்க வேண்டியதில்லை என்பதைக் கீழே காணலாம். நான்காவது, பூங்காவுக்குள் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்பது. முழு நாள் டிக்கெட் எடுத்துவிட்டு இரண்டு மணிக்குப் போய் நிற்பது, வாங்கிய இலையில் பாதியைச் சாப்பிடாமல் எழுந்திருப்பதற்குச் சமம். ஐந்தாவது, உடன் வரும் தாத்தா பாட்டியின் கால் மூட்டு.

பூங்கா நுழைவுக் கட்டணம் எந்த வண்டியில் போனாலும் மாறாது என்பதால் அதை ஒப்பீட்டிலிருந்து விலக்கித் தனியே பின்னால் வைத்திருக்கிறேன்.

கணக்குக்கு நான் எடுத்துக்கொண்ட விலைகள் இவை: பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், போக வர, உள்ளூர் அலைச்சலும் சேர்த்து 500 கிலோமீட்டர், ஜி.எஸ்.டி.யோடு ஓர் அறைக்கு 2,100 ரூபாய். மதியமோ இரவோ ஒருவேளைச் சாப்பாடு தலைக்கு 150, காலை டிபன் 100. உங்களுக்குச் சொல்லப்படும் விலை வேறாக இருந்தால் அந்த எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் போக்கு பெரிதாக மாறாது.

சொந்தக் கார்

ஏழு இருக்கைக் கார், ஏ.சி. போட்டு ஆறு பேரை ஏற்றிக்கொண்டு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்தால், 500 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 3,400 ரூபாய். இதோடு நிறுத்திவிடுவதுதான் நம்மில் பலரும் செய்யும் தவறு. டயர் தேய்மானம், ஆயில், சர்வீஸ் ஆகியவற்றுக்குக் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் என்று நான் ஒதுக்குவேன், அது 1,000. கொடைரோடு தொடங்கிச் சுங்கத்துக்கும் பார்க்கிங்குக்கும் 600. ஆக வண்டிச் செலவு 5,000 ரூபாய்.

சுங்கத்தைப் பற்றி இரண்டு வரி. பாஸ்டேக்கில் இருப்பு இல்லாமல் போய் நின்றால், யு.பி.ஐ. வழியாகச் செலுத்துவோருக்கு ஒன்றேகால் மடங்கும் ரொக்கமாகச் செலுத்துவோருக்கு இரண்டு மடங்கும் கட்டணம் என்று 2025 நவம்பர் 15-இல் விதி வந்தது. 2025 ஆகஸ்டு 15 அன்று சொந்த வாகனங்களுக்கு 3,000 ரூபாய் விலையில் அறிமுகமான ஆண்டுப் பாஸை இந்த ஒரு பயணத்துக்காக வாங்குவதில் பொருளில்லை. 200 சுங்கச்சாவடிக் கடப்புகள் வரை தரும் அந்தப் பாஸ், சென்னைக்கும் திருச்சிக்கும் அடிக்கடி போய் வருபவர்களுக்கு உரியது. மஞ்சள் போர்டு வாடகை வண்டிக்கு அது கிடையாது.

சொந்தக் காரின் உண்மையான மறைசெலவு வேறொன்று. காலை நான்கு மணிக்குக் கிளம்பி, ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்து, வெயிலிலும் தண்ணீரிலும் எட்டு மணி நேரம் பிள்ளைகளோடு ஆடிய தகப்பனாரே மாலை ஐந்தரைக்கு மறுபடி ஸ்டீயரிங்கைப் பிடித்து ஐந்தரை மணி நேரம் இருட்டில் ஓட்டிக்கொண்டு வருவது என்பது, என்னைப் பொறுத்தவரை, கணக்கில் சேர்க்கவே கூடாத ஒரு வழி. தண்ணீரில் ஊறிய உடம்புக்குத் தூக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வயிறு நிறைய இரவுச் சாப்பாடும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆகவே சொந்தக் கார் என்றால் ஓர் இரவுத் தங்கல் கட்டாயம் என்றே எழுதுகிறேன். ஆறு பேருக்கு இரண்டு அறை 4,200, இரவுச் சாப்பாடும் மறுநாள் காலை டிபனும் 1,500. மொத்தம் 10,700 ரூபாய்.

வீட்டில் நன்றாகக் கார் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் இருந்து, அவர் தண்ணீரில் இறங்காமல் நிழலில் படுத்துத் தூங்கத் தயாராக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். அறை வாடகை முழுவதும் மிச்சம். ஆனால் அப்படிப்பட்ட மைத்துனர் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

ஐந்து இருக்கைக் காரில் ஆறு பேர் ஏறுவதைப் பற்றி, ‘சின்னவனை மடியில் வைத்துக்கொள்ளலாம்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். தெருக்கோடிக் கோயிலுக்குப் போகும்போதே அது தவறு. 240 கிலோமீட்டருக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

ஓட்டுநரோடு வாடகை வண்டி

இங்கேதான் மறைசெலவுகள் மிகுதி. ஆனால் பொருத்தமும் இங்கேதான் மிகுதி. ஏழு இருக்கை வண்டிக்குக் கிலோமீட்டருக்கு 16 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பேசும்போது இந்த ஓர் எண்ணைத்தான் நாம் கேட்கிறோம். அவர்களும் இந்த ஓர் எண்ணைத்தான் சொல்கிறார்கள். மற்றவை பில்லில் வரும்.

முதலாவது, கிலோமீட்டர் எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பது. வண்டி நிற்கும் ஷெட்டில் கிளம்பித் திரும்ப அதே ஷெட் வரை எண்ணுவது தொழில் வழக்கம். அதில் தவறொன்றும் இல்லை. சென்ற ஆண்டு நாங்கள் பேசிய வண்டியின் ஷெட் எங்கள் வீட்டிலிருந்து 22 கிலோமீட்டர் தள்ளி இருந்தது என்பதை, திரும்பி வந்து டிரிப் ஷீட்டைப் பார்த்தபோதுதான் அறிந்தேன். போகவும் வரவும் 44 கிலோமீட்டர். ஓடாத ஊருக்கு 704 ரூபாய் கொடுத்தோம். ஆகவே ஷெட் எங்கே என்று கேட்டுவிட்டு, வீட்டுப் பக்கத்தில் நிற்கும் வண்டியைப் பேசுவது நல்லது. இந்தக் கணக்கில் ஷெட்டுக்காக 20 கிலோமீட்டர் சேர்த்து 520 என்று கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சக் கிலோமீட்டர். பரவலாகச் சொல்லப்படுவது 250. இதன் விளைவை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நம் பயணம் 520 கிலோமீட்டர் என்பதால், அதை ஒரே நாளில் முடித்தாலும் இரண்டு நாளில் முடித்தாலும் கிலோமீட்டர் வாடகை ஒன்றுதான்: 8,320 ரூபாய். மூன்றாவது நாளாக நீட்டினால் மட்டும் குறைந்தபட்சம் 750 ஆகிவிடும். ஓடாத 230 கிலோமீட்டருக்கு 3,680 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேரும். ‘இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அப்படியே ஊட்டிக்கும் ஏறிவிடலாமே’ என்ற ஆசை யாருக்காவது வந்தால், அந்த ஆசையின் முதல் தவணை இது. அடுத்த தவணைகளாக மலைக்கு ஏறும் கிலோமீட்டர், மே மாதச் சீசனில் ஊட்டி அறை வாடகை ஆகியவை வரும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு நடைமுறைக்கு வந்த இ-பாஸைப் பற்றியும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். அடிவாரத்தோடு திரும்புகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, பேட்டா, அதாவது ஓட்டுநருக்குத் தனியே கொடுக்கும் படி. ஒரே நாளில் அதிகாலை கிளம்பி நள்ளிரவை ஒட்டித் திரும்பினால் 800 ரூபாய் என்றும், இரண்டு நாள் என்றால் நாளுக்கு 500, இரவு தங்க 300 என்றும் கொண்டிருக்கிறேன். ஓட்டுநரின் சாப்பாடு பேட்டாவுக்குள்ளா வெளியேயா என்பதை முதலிலேயே தெளிவாக்கிக்கொண்டால் வழியில் இரு தரப்புக்கும் மனக்கசப்பு இராது.

ஆறு பேருக்கு ஒரே நாள் பயணம்: வாடகை 8,320, பேட்டா 800, சுங்கமும் பார்க்கிங்கும் 600, திரும்பும் வழியில் இரவுச் சாப்பாடு 900. மொத்தம் 10,620 ரூபாய். சொந்தக் காருக்கு ஆன 10,700-ஐவிட இது 80 ரூபாய் குறைவு. வாசலில் கார் நிற்கும்போது வாடகை வண்டிக்குப் பணம் கொடுப்பதை ஆடம்பரம் என்று நினைக்கும் நம் மனம் இதை எளிதில் ஏற்காது. ஆனால் இரண்டு அறைகளின் வாடகை எங்கே போகிறது என்று பார்த்தால் புரிந்துவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு நிற்பது ஒரே ஒரு நிபந்தனையின் மேல்: ஓட்டுநர் பகலில் உண்மையாகவே தூங்கியிருக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் ஏ.சி. அணைத்த வண்டிக்குள் கிடப்பது தூக்கம் ஆகாது. ஓட்டுநர்கள் ஓய்வெடுக்க இடம் இருக்கிறதா என்று பூங்காவில் விசாரித்து வைப்பதும், இல்லையென்றால் மேட்டுப்பாளையத்தில் சிறிய அறை ஒன்றைப் பகலுக்கு எடுத்துக் கொடுப்பதும் நம் பொறுப்பு. அதற்கு ஐந்நூறோ அறுநூறோ ஆகலாம். அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள் ஒரே நாள் பயணத்தை விட்டுவிட்டு, இரண்டு நாளாகத் திட்டமிட வேண்டும். அப்போது மொத்தம் 15,920 ரூபாய் ஆகும்.

இன்னொன்று. வெள்ளைப் போர்டுச் சொந்தக் காரை ‘தெரிந்தவர் வண்டி, கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் குறைவு’ என்று வாடகைக்குத் தருவது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கென எடுத்த இன்சூரன்ஸ், வாடகைக்கு ஓடும்போது நேரும் விபத்துக்குக் கைகொடுக்க மறுக்கலாம். 500 கிலோமீட்டருக்கு 1,500 ரூபாய் மிச்சப்படுத்த அந்த ஆபத்தை வாங்குவது சரியான வியாபாரமாக எனக்குத் தோன்றவில்லை.

ரயிலும் பேருந்தும்

மதுரையிலிருந்து கோவைக்குக் காலை ரயில் இருக்கிறது. பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போவது. ஒருபுறம் மலைத்தொடர் கூடவே வரும் அந்த வழியைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை போகலாம். ரயிலில் கழிப்பறை இருப்பது, சர்க்கரை நோயுள்ள பெரியவர்களோடு பயணம் செய்பவர்களுக்கு எந்தக் காரும் தராத நிம்மதி. ஆனால் கோவை போய்ச் சேர நண்பகல் ஆகிவிடும். அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்கு வேறு ரயிலோ பேருந்தோ பிடித்துப் போனால் அன்றைய பூங்கா முடிந்த கதை. ஆகவே அன்று தங்கி, மறுநாள் பூங்காவுக்குப் போய், மாலையில் கோவைக்கு வந்து, இரவுப் பேருந்தில் மதுரை திரும்ப வேண்டியிருக்கிறது. பேருந்தில் போவோர் மதுரை ஆரப்பாளையத்தில் ஏறினால் கோவை சிங்காநல்லூரில் இறங்குவார்கள். மேட்டுப்பாளையம் பேருந்துக்கு நகரின் மறுபக்கம் போக வேண்டும். பையும் பிள்ளைகளுமாக அந்த நகரக் கடப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

தலைக்கு ஒரு வழிக்கு எல்லாம் சேர்த்து 250 ரூபாய் என்றால் ஆறு பேருக்குப் போக வர 3,000. ஆறு பேருக்கு ஓர் ஆட்டோ போதாது என்பதால் எங்கும் இரண்டு ஆட்டோ: மதுரையில் 800, கோவையிலும் மேட்டுப்பாளையத்திலும் 1,400. அறை 4,200. வீட்டுக்கு வெளியே சாப்பிடும் வேளைகள் கூடுவதால் உணவு 3,300. மொத்தம் 12,700 ரூபாய். மலிவு என்று நினைத்தது ஒரே நாள் வாடகை வண்டியைவிட இரண்டாயிரம் ரூபாய் மிஞ்சிவிட்டது. பயணச்சீட்டு மலிவுதான், அதைச் சுற்றியுள்ளவைதான் மலிவில்லை.

மூத்த குடிமக்களுக்கான ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. 5 வயது முதல் 12 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தனி இருக்கை கேட்டால் முழுக் கட்டணம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும் என்பதால், மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே உட்கார வேண்டும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துக்கானது. வெளியூர்ப் பேருந்துக்கு அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

எண்ணிக்கை மாறினால்

நான்கு பேர் என்றால் ஓர் அறை, ஓர் ஆட்டோ, சிறிய கார். பத்துப் பேர் என்றால் 12 இருக்கை வேன், கிலோமீட்டருக்கு 22 ரூபாய். அதே முறையில் போட்ட கணக்கு இது. நுழைவுக் கட்டணம் சேராது.

| வழி | 4 பேர் | 6 பேர் | 10 பேர் |
|---|---|---|---|
| சொந்தக் கார், ஓர் இரவு | 7,700 | 10,700 | 18,400 (இரண்டு கார்) |
| வாடகை வண்டி, ஒரே நாள் | 8,760 | 10,620 | 14,840 (வேன்) |
| ரயில், பேருந்து, ஓர் இரவு | 7,400 | 12,700 | 19,000 |

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு ரயிலுக்கும் சொந்தக் காருக்கும் 300 ரூபாய்தான் வேறுபாடு. அந்த முந்நூறுக்காக இரவு இரண்டு மணிக்கு ஆரப்பாளையத்தில் தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவதா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளலாம். நான் காரில்தான் போவேன். கார் இல்லாத நால்வருக்கு ரயில் நல்ல வழி. ஆறு பேரில் பெரியவர்கள் இருவர் என்றால் வாடகை வண்டியும் சொந்தக் காரும் பணத்தில் சமம்; நாள் முழுவதும் வெளியில் இருந்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்பும் அலுப்பைப் பெரியவர்கள் தாங்குவார்களா என்பதே அங்கே கேள்வி. ஏழு இருக்கை வண்டியின் கடைசி வரிசையில் அவர்களை ஏற்றாதீர்கள். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. அந்த வரிசையை நிமிர்த்தி வைத்தால் பின்னால் பை வைக்கவும் இடமிராது.

பத்துப் பேருக்கு வேனுக்கு இணையே இல்லை. தலைக்கு 1,484 ரூபாய்தான் ஆகிறது. ஆறு பேருக்கு அதே வகை வண்டியில் 1,770. இரண்டு குடும்பம் சேர்ந்து போவதில் கிளம்பும் நேரத்துக்கு ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளும் செலவு தனி.

வண்டி எதுவானாலும் மாறாத செலவு

பூங்காக்களில் குழந்தை டிக்கெட்டை வயதைவிட உயரத்தை வைத்துத் தீர்மானிப்பது பரவலான வழக்கம். ஆறாம் வகுப்புப் படிக்கும் நெட்டைப் பையனுக்குப் பெரியவர் டிக்கெட் கேட்டால் வாதாடிப் பயனில்லை, வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். நுழைவுக் கட்டணத்தின் மீதான ஜி.எஸ்.டி. 2018 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அறிவித்த விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு டிக்கெட்டில் அந்த வேறுபாடு ஒரு டிக்கெட் விலையைத் தாண்டிவிடும். எந்த விளையாட்டிலும் ஏறாமல் நிழலில் உட்காரப்போகும் தாத்தாவுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. மூத்தவர்களுக்குத் தள்ளுபடி இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

பருத்தித் துணியோடு தண்ணீர் விளையாட்டில் இறங்க விடமாட்டார்கள். நைலான் உடைதான் வேண்டும். அதை அங்கே போய் வாங்கினால் விலை வேறு, நிறம் நம் விருப்பமும் இல்லை. மதுரை விளக்குத்தூண் பக்கத் துணிக்கடைகளில் ஒரு வாரம் முன்பே எடுத்துவிடலாம். லாக்கர் வாடகையும் அதற்கான முன்பணமும் ரொக்கமாகக் கையில் இருக்கட்டும். வெளியுணவை உள்ளே அனுமதிக்காத பூங்காக்களே மிகுதி. எங்கள் வீட்டு வழக்கம், எண்ணெயில் குழைத்த இட்லிப்பொடியைத் தடவிய இட்லியையும் புளியோதரையையும் கட்டி எடுத்துப் போய், இட்லியைத் தாராபுரம் தாண்டி ஒரு மரத்தடியிலும், புளியோதரையைப் பூங்கா வாசலில் வண்டிக்குள்ளேயும் முடித்துவிட்டு நுழைவது. மதியம் மட்டும் உள்ளே வாங்கிச் சாப்பிடுவோம்.

இத்தனையும் கூட்டிப் பார்த்து மலைத்துப் போகிறவர்களுக்கு, மதுரைக்குப் பக்கத்திலேயே பரவையில் அதிசயம் பூங்கா இருக்கிறது. வண்டி வாடகை, அறை, பேட்டா எதுவும் இல்லை. பெட்ரோலுக்கு இருநூறு ரூபாய் போதும். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டுக்கு நான் அதைத்தான் சொன்னேன். தண்ணீர் எந்த மாவட்டத்துத் தண்ணீர் என்று அந்த வயதுப் பிள்ளைகள் கேட்பதில்லை.

மற்ற இரண்டு வீட்டாரும் எங்கள் வீட்டாரும் கூடிப் பேசி, மொத்தம் பதினொரு பேராக, ஏப்ரல் கடைசி வாரத்துப் புதன்கிழமைக்கு ஒரு வேன் பேசியிருக்கிறோம். ஷெட் ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கிலோமீட்டர் கட்டணம், பேட்டா, சுங்கம் யார் பொறுப்பு, ஓட்டுநருக்குப் பகலில் அறை ஆகிய நான்கையும் அட்வான்ஸ் கொடுத்த ரசீதின் பின்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.